பனிமனிதனுக்கு எதற்குப் பூட்ஸ்? மூன்று நாள் பனி அளவெடுப்பு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

சிவப்புக் குழு 6 என்றது. நீலக் குழு 4 என்றது. மஞ்சள் குழு 7 என்று கூவிவிட்டு, தாங்கள்தான் ஜெயித்ததாக நினைத்துக் குதிக்க ஆரம்பித்தது. மூன்று குழுவும் நின்றது ஒரே முற்றத்தில், அளந்தது ஒரே ராத்திரி பெய்த பனியை, ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் நாலு எட்டுதான் தூரம். அளந்தவர்களுக்கு வயது நான்கிலிருந்து ஆறு. அளந்த குச்சியை முந்தின நாள் அவர்களே செய்திருந்தார்கள்.

அந்த மூன்று எண்கள் எப்படி வந்தன, குழந்தைகள் அதை எப்படித் துப்பறிந்தார்கள், நடுவில் நான் எங்கே குழப்பினேன் என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். குளிர்கால வானிலை என்றால் சின்ன வகுப்புகளில் வழக்கமாக நடப்பது என்ன? பஞ்சு ஒட்டின பனிமனிதன், கத்தரியால் வெட்டின காகிதப் பனிச்செதில், சுவரில் மாட்டி ஒரு போட்டோ, அவ்வளவுதான். நானும் பல வருஷம் அதைத்தான் செய்தேன். அளவெடுப்பு என்பது வேறொரு நாள், வேறொரு மேஜையில், கணக்கு என்ற பெயரில் நடக்கும். இந்தத் தடவை இரண்டையும் பிரிக்காமல், கைவேலையில் செய்கிற பொருளே அளக்கிற கருவியாக இருக்கட்டும் என்று வைத்தோம். தப்பு வந்ததும் அதனால்தான், அந்தத் தப்பு இல்லாமல் போயிருந்தால் எழுதுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

முன்கூட்டியே ஒரு வார்த்தை. தமிழில் புல் நுனியில் நிற்கிற துளியும் பனி, விடிகாலையில் கண்ணை மறைக்கிற மூட்டமும் பனி, ஆகாயத்திலிருந்து பஞ்சு பஞ்சாக இறங்குவதும் பனி. நான் சொல்வது கடைசியாகச் சொன்னதை.

ஏற்பாடு

வகுப்பில் 12 குழந்தைகள், பெரியவர்கள் நானும் இன்னொரு டீச்சரும். நாலு நாலு பேராக மூன்று குழு. குச்சியில் கட்டின ரிப்பனின் நிறம்தான் குழுவின் பெயர். தினம் ஒரு மணி நேரம், அதில் வெளியே நிற்பது பதினைந்து நிமிடம் மட்டும். அதற்கு மேல் ஈரக் கையுறையோடு நிறுத்தினால் எந்தக் குழந்தையும் எண்ணாது, அழத்தான் செய்யும்.

சென்டிமீட்டர் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டோம். நாலு வயசுக் கண்ணுக்கு ஸ்கேலில் உள்ள கோடுகள் எறும்பு வரிசைதான். அதற்குப் பதிலாக, ஒன்றோடொன்று மாட்டி விளையாடுகிற பிளாஸ்டிக் கட்டைகள் இருக்கின்றன இல்லையா, எங்களிடம் உள்ளவை பக்கத்துக்கு 2 செ.மீ. நீளம், அதையே அலகாக வைத்துக்கொண்டோம். "பனி எத்தனை கட்டை உயரம்?" என்பதுதான் மூன்று நாளுக்கும் ஒரே கேள்வி.

குச்சி மரத்தில் இருக்க வேண்டும், உலோகம் கூடாது. உலோகம் உடம்புச் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும், கடுங்குளிரில் ஈரக்கை பட்டால் ஒட்டிக்கொள்ளும், எந்த வகுப்பிலும் எதையாவது நக்கிப் பார்க்கிற ஒரு குழந்தை கட்டாயம் உண்டு. அப்புறம், குழிக்குக் குழி மாறுகிற தரையில் அளக்காமல், 40 செ.மீ. சதுரத்தில் மூன்று ஒட்டுப்பலகைத் துண்டுகளுக்கு வெள்ளை பெயின்ட் அடித்து, முந்தின சாயங்காலமே முற்றத்தில் போட்டு வைத்தோம். இது என் யோசனை இல்லை. வானிலை ஆய்வு நிலையங்களில் பனியை அளப்பவர்களும் கிட்டத்தட்ட இந்த அளவுப் பலகையைத்தான் வைத்திருக்கிறார்கள். புல்லில் விழுந்த பனி புல் நுனியில் தொங்கிக்கொண்டு நிற்கும், உயரம் கூடுதலாகக் காட்டும். சூடு பிடித்துவைத்திருக்கிற சிமென்ட்டில் விழுந்தால் அடியில் கரைந்துபோகும். வெள்ளை நிறம் எதற்கு என்றால், கறுப்பு வெயிலை உறிஞ்சிப் பனியைக் கரைத்துவிடும். பெய்து முடித்த பிறகு பலகை எங்கே என்று தெரியாது, அதனால் பக்கத்தில் ஒரு கொடி நட்டுவைக்க வேண்டும். கொடியைக் குழந்தைகளே செய்தார்கள், அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

முதல் நாள்: கத்தரி, கிரேயான், பூட்ஸ்

40 செ.மீ. நீளத் தட்டைக் குச்சி குழுவுக்கு ஒன்று. மேல் முனையில் அட்டையில் வெட்டின பனிமனிதன் தலை, ரிப்பன் மஃப்ளர், பொத்தான் கண். உடம்பு முழுக்கக் குச்சிதான், அதில் கட்டைகளை வரிசையாகப் படுக்கவைத்து, ஒவ்வொரு கட்டை முடிகிற இடத்திலும் ஒரு கோடு, கோட்டுக்குப் பக்கத்தில் எண். கட்டைகளை இடைவெளி விடாமல், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் வைப்பதே அந்த வயசுக்குப் பெரிய காரியம். மாட்டுகிற கட்டையாக இருப்பதால் அந்தத் தொல்லை தானாகவே நீங்கியது. தனித்தனி பிளாக்குகளாக இருந்தால் ஒரு குழந்தை இரண்டு விரல் இடைவெளி விட்டு வைத்துவிட்டு நிம்மதியாக எண்ணிக்கொண்டு போகும்.

முதலில் ஸ்கெட்ச் பேனா கொடுத்து ஒரு ஒத்திகை பார்த்தேன், நல்ல வேளை. ஈரத் துணியால் தொட்டதும் எண்களெல்லாம் ஊதா நதியாக ஓடின. கிரேயான் மெழுகு, தண்ணீர் ஒட்டாது. கிரேயானால் அழுத்தி எழுதி, மேலே கண்ணாடி டேப் ஒரு சுற்று.

இங்கேதான் இரண்டு விதைகள் விழுந்தன, எனக்கு அப்போது தெரியவில்லை. நீலக் குழுவில் ஒரு பெண் குழந்தை, பனிமனிதனுக்குக் கால் குளிரும் என்று குச்சியின் அடியில் அழகாக ஒரு ஜோடி பூட்ஸ் வரைந்தாள். பிரமாதம் என்று நான் பாராட்டினேன். மஞ்சள் குழு கோடுகளைப் போட்டுவிட்டு, "டீச்சர், எந்த நம்பரில ஆரம்பிக்கணும்?" என்று கேட்டது. நான் பசையைத் துடைத்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஒண்ணுல ஆரம்பிங்க, கீழேயிருந்து" என்றேன். சிவப்புக் குழு யாரையும் கேட்கவில்லை, தானாகச் செய்துகொண்டது.

மீதி நேரத்தில் பனிச்செதில். இதில் பெரும்பாலான வகுப்புகளில் ஒரு பிழை ஆண்டாண்டு காலமாக நடந்துவருகிறது, எங்கள் சுவரிலும் வருஷா வருஷம் மாட்டியிருந்தோம். சதுரக் காகிதத்தைப் பாதி, பாதி, பாதி என்று மடித்து வெட்டினால் எட்டுக் கொம்பு வரும். வானத்திலிருந்து விழுவதற்கு ஆறுதான். தண்ணீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோணக் கட்டத்தில் அடுக்கிக்கொள்வதால் படிகம் வளர்வதும் ஆறு திசையில்தான். வானியலாளர் கெப்ளர் 1611-இல் இந்த ஆறைப் பற்றி மட்டும் ஒரு சிறு நூல் எழுதினார், ஏன் ஐந்தோ ஏழோ இல்லை என்று. மூலக்கூறு பற்றி ஒன்றும் தெரியாத காலம் அது. 1885-இல் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி கேமராவையும் நுண்ணோக்கியையும் சேர்த்துக் கட்டி ஒரு பனிச்செதிலைப் படம் பிடித்தார், வாழ்நாளில் 5,000-க்கு மேல் எடுத்தார். 1936-இல் ஜப்பானில் நகாயா உகிசிரோ ஆய்வகத்தில் முயல் முடியின் நுனியில் ஒரு பனிச்செதிலை வளர்த்துக் காட்டினார். குழந்தைகளுக்கு முயல் முடி ரொம்பப் பிடித்துவிட்டது, மற்றதெல்லாம் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

ஆறு கொம்பு வேண்டுமென்றால் வட்டக் காகிதத்தைப் பாதியாக மடித்து, அந்த அரைவட்டத்தை மூன்று சம பங்காக மடிக்க வேண்டும். அரைவட்டம் 180 பாகை, மூன்றில் ஒன்று 60. நாலு வயசு விரல்களுக்கு மூன்றாக மடிக்க வராது, அதனால் நாங்களே மடித்துக் கொடுத்தோம், வெட்டுவது மட்டும் அவர்கள் வேலை. இதைக் கைவேலையில் ஏமாற்று என்பவர்கள் இருப்பார்கள், இருக்கட்டும். மறுநாள் கறுப்புத் துணியை வெளியிலேயே வைத்துக் குளிரவிட்டு, அதில் விழுந்த செதில்களை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தபோது, பாதிக்கு மேல் ஒடிந்தும் ஒட்டிக்கொண்டும் கிடந்தன. ஆனாலும் முழுசாகக் கிடந்த ஒன்றைப் பார்த்து ஒரு பையன் விரல் விட்டு ஆறு எண்ணிவிட்டு, பழைய எட்டுக் கொம்புக் காகிதத்தைச் சுவரிலிருந்து தானே கழற்றிக்கொண்டு வந்தான். துணியை முன்பே குளிரவைப்பது முக்கியம், வீட்டுச் சூட்டோடு கொண்டுபோனால் விழுந்த நொடியில் துளியாகிவிடும்.

இரண்டாம் நாள்: குச்சி பொய் சொல்லுது

ராத்திரி நன்றாகப் பெய்திருந்தது. மூன்று பலகை, மூன்று கொடி, மூன்று குச்சி. பனிக்குள் குச்சியைச் செங்குத்தாக இறக்கி, பலகையில் டக் என்று தட்டுகிற வரை விட்டு, பனி எந்தக் கோடு வரை வருகிறது என்று பார்க்க வேண்டும். முடிவு தொடக்கத்தில் சொன்னதுதான்: 6, 4, 7.

என் பையில் ஒரு ஸ்கேல் இருந்தது. எடுத்து, "பார், 12 செ.மீ., 6 கட்டை, சிவப்புக் குழு சரி" என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். கை பைக்குள் போய்விட்டது. கூட இருந்த டீச்சர் தலையை ஆட்டினார், நான் கையை வெளியே எடுத்துக்கொண்டேன். மூன்று நாளில் பெரியவர்கள் செய்த மிக உருப்படியான காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

குழந்தைகளிடம் விளக்கங்களுக்குப் பஞ்சமே இல்லை. மஞ்சள் குழு, தங்கள் பக்கம் அதிகமாகப் பெய்தது என்றது. நீலக் குழுவில் ஒருத்தன், தங்கள் பனியை ராத்திரி நாய் தின்றிருக்கும் என்றான். சிவப்புக் குழுவில் ஒரு ஆறு வயசுக்காரி மட்டும், "அவங்க குச்சி பொய் சொல்லுது" என்றாள்.

முதல் விளக்கத்தைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. காற்று பனியை ஒரு பக்கம் குவிக்கும், இன்னொரு பக்கம் வழித்துக்கொண்டு போகும். நாலு எட்டுக்குள் இரண்டு மடங்கு வித்தியாசம் வருவது சகஜம், அதனால்தான் வானிலைக்காரர்களும் பல இடங்களில் அளந்து சராசரி எடுப்பார்கள். ஆக இப்போது கையில் இரண்டு ஊகங்கள்: பனி வேறா, குச்சி வேறா? "எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று மட்டும் கேட்டேன். பெரிய மௌனம். மூக்கு உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது. அப்புறம் அதே ஆறு வயசுக்காரி, "எல்லாக் குச்சியையும் இங்கயே வைப்போம்" என்று நீலக் குழுவின் பலகையைக் காட்டினாள்.

மூன்று குச்சியும் ஒரே பலகையில், ஒட்டி ஒட்டி நின்றன. சிவப்பு 6, நீலம் 4, மஞ்சள் 7. எண் எதுவும் மாறவில்லை. நாய் தப்பித்தது.

உள்ளே வந்து, கோட்டுகளைக் கழற்றி, மூன்று குச்சியையும் மேஜை மேல் நிமிர்த்தி வைத்தோம். தலை மூன்றும் ஒரே உயரத்தில் இருந்தன, எண்கள் ஒரே உயரத்தில் இல்லை. சிவப்புக் குச்சியில் 3 இருக்கிற இடத்தில் நீலக் குச்சியில் 1. மஞ்சள் குச்சியில் அதே இடத்தில் 4. ரொம்ப நேரம் எல்லோரும் எண்களையே வெறித்துக்கொண்டிருந்தார்கள், மேல் பக்கம் மட்டுமே பார்த்தார்கள். கீழே பார்த்தது, பூட்ஸ் வரைந்த அதே குழந்தை. "டீச்சர், என் பூட்ஸை எண்ணவே இல்லை!"

ஆமாம். பூட்ஸ் இரண்டு கட்டை உயரம், அதாவது 4 செ.மீ. பூட்ஸ் மேல் கோடு போட்டால் அசிங்கமாகிவிடும் என்று நீலக் குழு அதற்கு மேலிருந்துதான் கட்டை வைக்க ஆரம்பித்திருக்கிறது. பனி 12 செ.மீ. இருந்தால் அவர்கள் குச்சிக்கு அதில் 4 தெரியவே தெரியாது, மீதி 8, அதாவது 4 கட்டை. உடனே மஞ்சள் குழுவில் ஒருவன் படு கோபத்தோடு, "பனிமனிதனுக்குக் காலே கிடையாதே, அப்புறம் எதுக்கு பூட்ஸ்?" என்றான். இதற்கு அந்த வகுப்பில் யாரிடமும் பதில் இல்லை.

மஞ்சள் குச்சிக்குக் காரணம் கண்டுபிடிக்க இன்னும் நேரமானது, ஏனென்றால் அதில் பூட்ஸ் மாதிரி கண்ணில் படுகிற ஒன்றும் இல்லை. அடியிலிருந்தே ஒழுங்காகக் கோடு போட்டிருந்தார்கள். ஆனால் தரையைத் தொடுகிற விளிம்பிலேயே 1 என்று எழுதியிருந்தார்கள், கீழேயிருந்து ஒண்ணுல ஆரம்பிக்கச் சொன்னது டீச்சராயிற்றே. ஒரே ஒரு கட்டையைக் குச்சிக்குப் பக்கத்தில் நிற்கவைத்தேன். கட்டை ஒன்று, குச்சி காட்டுவதோ 2. அதையும் எடுத்துவிட்டேன். கட்டையே இல்லை, குச்சி 1 என்கிறது. "ஒண்ணுமே இல்லாதப்போ ஒண்ணுன்னு சொல்லுது" என்று ஒரு குழந்தை சொன்னதும் நான் உட்கார்ந்துவிட்டேன். இதைவிடத் துல்லியமாக அந்தப் பிழையை நானே சொல்லியிருக்க மாட்டேன், பிழையும் என்னுடையது.

குழந்தைகளுக்கு எண் பொருள்களை எண்ணுவதில் ஆரம்பிக்கிறது. ஆப்பிள் எண்ணும்போது பூஜ்யம் வேண்டாம், முதல் ஆப்பிளைத் தொட்டு ஒன்று என்றால் போதும். நீளம் அப்படி இல்லை. கோட்டை எண்ணக் கூடாது, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் உள்ள இடத்தை எண்ண வேண்டும், முதல் கோட்டுக்குக் கீழே இருக்கிற முனைக்குப் பூஜ்யம் என்று ஒரு பெயர் உண்டு. கடையில் வாங்குகிற ஸ்கேலில் அந்தப் பூஜ்யம் ஏற்கெனவே அச்சாகி இருப்பதால் பல வருஷம் அளந்தும் அதைக் கவனிக்காதவர்கள் உண்டு. அதிலும் பல ஸ்கேல்களில் பூஜ்யக் கோட்டுக்கு முன்னால் கொஞ்சம் வெறும் பிளாஸ்டிக் நீட்டிக்கொண்டிருக்கும், அதாவது நீலக் குழுவின் பூட்ஸ்தான். அந்த ஸ்கேலைப் பனிக்குள் அப்படியே இறக்கினால் பெரியவர்களுக்கும் இதே தப்பு வரும். எனக்கு வந்திருக்கிறது.

நடுவில் ஒரு வெப்பமானி

முதல் நாள் மிச்ச நேரத்தில் ஆளுக்கொரு அட்டை வெப்பமானியும் செய்திருந்தோம். நீளமான அட்டையின் மேலும் கீழும் ஒரு கீறல், பாதி சிவப்பு பாதி வெள்ளையாக ஒட்டின ரிப்பனை அதில் நுழைத்துப் பின்னால் முடிச்சு. இழுத்தால் சிவப்பு ஏறும், இறங்கும். எண்களை நான் எழுதிக் கொடுத்தேன், மேலே 30, கீழே பூஜ்யத்துக்கும் கீழே 20. வெளியே நிழலில் தொங்குகிற நிஜ வெப்பமானியைத் தினம் ஒருவர் பார்த்து வந்து சொல்ல, மற்றவர்கள் ரிப்பனை அந்த இடத்துக்கு இழுப்பார்கள். நிழல் அவசியம், வெயிலில் வைத்தால் அது காற்றின் சூட்டைச் சொல்லாது, தான் வெந்ததைச் சொல்லும். வானிலை நிலையங்களில் தரையிலிருந்து 1.25 மீட்டருக்கும் 2 மீட்டருக்கும் நடுவில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் வைப்பது இதனால்தான். எங்களுடையது ஒரு ஆறு வயசுக் கண் எட்டுகிற உயரம்.

இரண்டாம் நாள் காலை பூஜ்யத்துக்குக் கீழே 6. முதல் நாள் அது 3. "ஆறு பெரிசு, அப்போ இன்னைக்குச் சூடு" என்று மூன்று பேர் ரிப்பனை மேலே இழுத்தார்கள். எண்ணைச் சொல்லிப் புரியவைக்க முயன்று தோற்றுப்போய், "இன்னைக்கு ரிப்பன் நேத்தைவிடக் கீழே போச்சா, மேலே போச்சா?" என்று கேட்டதும் சரியாகிவிட்டது. வெப்பமானியைக் கிடைமட்டமாகப் படுக்கவைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டாம், நிமிர்ந்தே இருக்கட்டும். மாடிப்படி இறங்குவது எல்லாக் குழந்தைக்கும் தெரியும், குறை எண் தெரிய வேண்டியதில்லை.

பூஜ்யத்தை அன்றுதான் கண்டுபிடித்திருந்தார்கள் இல்லையா, ரிப்பனை வைத்துக்கொண்டு ஒரு பெண் கேட்டாள்: "குச்சில ஜீரோன்னா பனியே இல்லை. இதுல ஜீரோன்னா குளிரே இல்லையா?"

நான் என்ன சொல்ல? குச்சியின் பூஜ்யம் நிஜமாகவே ஒன்றுமில்லாத இடம். வெப்பமானியின் பூஜ்யம் தண்ணீர் உறைகிற இடத்தில் யாரோ கீறின கோடு. அந்த யாரோ ஆந்தர்ஸ் செல்சியஸ், 1742-இல். வேடிக்கை என்னவென்றால் அவர் கீறினது தலைகீழாக: தண்ணீர் கொதிப்பது 0, உறைவது 100. இப்போது உள்ளபடி திருப்பியது அவர் 1744-இல் இறந்ததற்குப் பிறகு. "ஒருத்தர் தண்ணி ஐஸ் ஆகிற இடத்துக்கு ஜீரோன்னு பேர் வைச்சார், எல்லோரும் சரின்னு சொல்லிட்டாங்க" என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாங்க பூட்ஸ்ல வைச்ச மாதிரியா?" என்றாள். அப்படித்தான் கண்ணு. ஒரே வித்தியாசம், மற்ற இரண்டு குழுவும் சரி என்று சொல்லவில்லை.

மூன்றாம் நாள்: பனியை யார் குடிச்சது?

அளந்ததும் பலகையைத் துடைத்துவிடுவதுதான் முறை. நாங்கள் வேண்டுமென்றே சிவப்புக் குழுவின் பலகையை மட்டும் துடைக்காமல் விட்டிருந்தோம். மூன்றாம் நாள் காலையில் அதில் 5 கட்டைதான் இருந்தது. வெப்பமானி பூஜ்யத்துக்கு மேலே ஏறவே இல்லை, பலகையும் ஈரமாகவில்லை, ஆனால் ஒரு கட்டை காணோம். நாய் மறுபடி சந்தேகப் பட்டியலில் சேர்ந்தது.

பதிலை ஜாடியில் தேடினோம். பக்கங்கள் நேராக உள்ள ஒளி ஊடுருவுகிற பிளாஸ்டிக் ஜாடியில், 6 கட்டை உயரத்துக்குப் பனியை அள்ளிப் போட்டு, கரைந்தால் தண்ணீர் எதுவரை நிற்கும் என்று ஆளுக்கொரு ரப்பர் பேண்ட் மாட்டச் சொன்னோம். பெரும்பாலானவை பனியின் உச்சியிலேயே. இரண்டு பேர் அதற்கும் மேலே, ஏனென்றால் தண்ணீர் வழியும். பாதிக்குக் கீழே மாட்டியது ஒரே ஒரு பையன். கேட்டால், கீழே தள்ளினால் மற்ற ரப்பர் பேண்ட் மேல் இடிக்காது என்றான்.

கரைந்த பிறகு தண்ணீர் 1 கட்டை. ஜாடியைச் சுற்றி ஒரு பெரிய அநியாயம் நடந்துவிட்டதுபோல் மௌனம், அப்புறம் அந்தக் கேள்வி: "பனியை யார் குடிச்சது?"

காற்று என்று உடனே சொல்லாமல், இன்னொரு ஜாடி நிறையப் பனியைக் கொடுத்துக் கையால் மெதுவாக அழுத்தச் சொன்னேன். பனி பாதிக்கு இறங்கியது, சொட்டுத் தண்ணீர் வரவில்லை, ஜாடியிலிருந்து எதுவும் கீழே கொட்டவில்லை. "உள்ளே காலியா இருந்துச்சு" என்று வந்தது. அது போதும். புதிதாகப் பெய்த பனியில் பெரும்பங்கு காற்றுதான், செதில்களின் கொம்புகளுக்கு நடுவில் அடைபட்ட காற்று. கொம்புகள் ஒடிந்து, மேலே உள்ள பாரத்தில் அடுக்கு இறங்க இறங்க உயரம் குறையும், தண்ணீர் குறையாது. பலகையில் காணாமல் போன ஒரு கட்டையும் அதுதான்.

பத்துக்கு ஒன்று என்பது வானிலைக்காரர்கள் சொல்கிற தோராயக் கணக்கு: 10 செ.மீ. பனி கரைந்தால் 1 செ.மீ. தண்ணீர். கடுங்குளிரில் பெய்கிற லேசான பனிக்கு இருபதுக்கு ஒன்றுகூட ஆகும், ஈரமான கனத்த பனிக்கு ஐந்துக்கு ஒன்று. எங்கள் ஜாடியில் ஆறுக்கு ஒன்று வந்ததற்கு எங்கள் கரண்டிதான் காரணம், அள்ளும்போதே அமுக்கிவிட்டோம். சரியாக எடுக்க வேண்டுமென்றால் ஜாடியைக் கவிழ்த்து, பனிக்குள் பலகை தட்டுகிற வரை செங்குத்தாக இறக்கி, அடியில் ஒரு தகட்டைச் செருகி, அப்படியே நிமிர்த்த வேண்டும். குழந்தைகள் போனதும் சிவப்புப் பலகையின் மிதிபடாத மூலையில் அப்படி ஒன்று எடுத்துப் பார்த்தேன், 1.2 செ.மீ. தண்ணீர். முதலில் பெய்தது 12 செ.மீ. என்பதால் பத்துக்கு ஒன்று அச்சாகப் பொருந்தியது. இவ்வளவு பொருந்தும் என்று நானே எதிர்பார்க்கவில்லை, அடுத்த தடவை பொருந்தாமலும் போகலாம்.

கரைந்த தண்ணீரை அகலமான கிண்ணத்தில் ஊற்றியதும் பாதிப் பேர் குறைந்துபோச்சு என்றார்கள். இது குழந்தைகள் யோசிக்கிற விதத்தை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே காலத்திலிருந்து தெரிந்த விஷயம், ஏழு வயசு வரை உயரத்தை மட்டும் பார்த்து அளவைச் சொல்வார்கள், அதைத் திருத்த நாங்கள் முயலவே இல்லை. திருப்பி ஜாடியில் ஊற்றிக் காட்டியதோடு சரி. உறைவதையும் ஒன்று பார்த்தோம்: பிளாஸ்டிக் டம்ளரில் 4 கட்டை உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி முந்தின ராத்திரி வெளியே வைத்திருந்தது, காலையில் கோட்டுக்கு மேலே முதுகு தூக்கிக்கொண்டு நின்றது. உறையும்போது தண்ணீரின் கன அளவு 9 சதவீதம் போலக் கூடும். கண்ணாடி டம்ளர் வைத்தால் விரிசல் விடும், வைக்காதீர்கள்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதல் விஷயம், ஒண்ணுல ஆரம்பிங்க என்ற என் வாக்கியம். அதற்காக "பூஜ்யத்தில் ஆரம்பியுங்கள்" என்று திருத்திச் சொல்லிவிட்டால் மூன்று குச்சியும் 6 காட்டும், இரண்டாம் நாள் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்த தடவை ஒன்றும் சொல்லாமல் கட்டையையும் குச்சியையும் மட்டும் கொடுப்பேன். பன்னிரண்டு பேரில் யாராவது ஒருவர் பூட்ஸ் வரைவார், அல்லது கைப்பிடிக்கு இடம் விடுவார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: தப்பைப் பரிசோதிக்க ஒரு வழி இருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே குச்சி என்றால் தப்பு இருப்பதே தெரியாது. குறைந்தது மூன்று குச்சியாவது வேண்டும், இரண்டு என்றால் நீ பொய் நான் பொய் என்று சண்டைதான் வரும்.

மூன்று செயல்களை மூன்று நாளில் அடைத்ததும் அதிகம்தான். பனிச்செதிலை வேறொரு வாரத்துக்குத் தள்ளியிருக்கலாம், அதற்கும் அளவெடுப்புக்கும் உள்ள உறவு எனக்குத் தெரிந்ததே தவிரக் குழந்தைகளுக்குத் தெரிந்ததாகச் சொல்ல மாட்டேன். வெப்பமானி இருக்கட்டும், அந்தக் கேள்விக்காகவாவது.

பனியே பெய்யாத இடத்தில் இருப்பவர்கள் கேட்பார்கள். குச்சி செய்வதையும் பூஜ்யச் சண்டையையும் ஒரு தொட்டி மணலில் வைத்துக்கொள்ளலாம், அடியில் பலகை இருந்தால் போதும். கரைவதற்குத் தூளாக நொறுக்கின ஐஸ். ஆனால் நொறுக்கின ஐஸில் காற்று குறைவு, ஆறு கட்டை ஒன்றாகிற அதிர்ச்சி வராது, அதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்த வாரம் மறுபடி பெய்தது. மஞ்சள் குழு தன் எண்களையெல்லாம் சுரண்டிவிட்டு அடி விளிம்பில் ஒரு பெரிய 0 போட்டிருந்தது. நீலக் குழு பூட்ஸை அழிக்க மறுத்துவிட்டது. பழைய எண்களின் மேல் காகிதம் ஒட்டி, பூட்ஸ் மேலேயே நடுவில் ஒரு கோடு போட்டு 1, பூட்ஸ் முடிகிற இடத்தில் 2 என்று எழுதி, அடியில் செருப்புத் தோல் மாதிரி ஒரு பட்டை தீட்டி அதுதான் ஜீரோ என்றார்கள். குச்சியை இறக்கிவிட்டு அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். "ஒண்ணு, டீச்சர். பூட்ஸ் நனைஞ்சிருக்கு, கால் நனையலை."